செனவாங் அக்காவின் இரவல் காதுகள்

அவருக்கு இடது காது கேட்காது. ஏன் கேட்காமல் போனது என்று நான் மூன்று முறை விசாரித்திருக்கிறேன். மூன்று முறையும் வேறு வேறு பதில் வந்தது. முதல் முறை, "சின்ன வயசுல எறும்பு பூந்துருச்சு தம்பி. இன்னும் வெளிய வரல" என்றார். இரண்டாம் முறை, அவருடைய அப்பாவின் ஒலிபெருக்கிக் குழாய்க்குள் தலையை விட்டுத் தூங்கிப் போனதாகச் சொன்னார். மூன்றாம் முறை உங்கள் அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். "எங்க மாமியா பேசற பக்கம் அது. கடவுளா பாத்து மூடி விட்டாரு" என்றார். உங்கள் அம்மா சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறி, பத்து நிமிடம் இருமினாள்.

பிள்ளைகளே, உங்களில் பெரியவளை மட்டும்தான் அவர் தூக்கியிருக்கிறார். மற்ற இருவரும் அவரைப் பார்த்ததில்லை. ஆகவே எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, ஆறாம் வகுப்போடு சரி. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் மலேசியாவில் ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், மேனேஜர் துரைக்குக் கார் டிரைவர். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளி அவர் குடியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் செனவாங்கில் எலெக்ட்ரானிக் பேக்டரிகள் வந்து, விடியலிலேயே பஸ் அனுப்பித் தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த பஸ்ஸில் முதலில் ஏறியவர் அவர். அன்று முதல் கிழவர் குழந்தை என்றில்லாமல் எல்லாருக்கும் அவர் செனவாங் அக்காதான். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே எழுதவில்லை.

அவருடைய அப்பா கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக்செட் கட்டினவர். பிரித்துப் போட்ட ஆம்ப்ளிபயர்களுக்கு நடுவே தவழ்ந்து வளர்ந்த பெண். ஈயம் பற்றவைக்கும் கைச்சுத்தத்தைப் பேக்டரி கொடுத்தது. இரண்டும் சேர்ந்ததால், ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் ரேடியோக்கள் வரிசையாக நிற்கும்.

மற்ற ரிப்பேர்காரர்கள் செய்யாத ஒன்றை அவர் செய்வார். வேலை முடிந்ததும் தன் காதை நம்ப மாட்டார். தெருவில் போகிற ஆளைக் கூப்பிடுவார். தண்ணீர் தூக்கிப் போகிறவர், மாடு ஓட்டிப் போகிறவர், யாரானாலும் சரி.

"இந்தா, கொஞ்சம் நில்லு. கண்ண மூடு. என்னா கேக்குதுன்னு சொல்லு."

அவர்கள் என்ன சொன்னாலும் சிரிக்க மாட்டார். கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துப் பள்ளிக்கூட நோட்டில் எழுதுவார். எழுதி முடித்ததும் பெட்டியை மறுபடி பிரித்துவிடுவார்.

இதை வேலையாட்களை மேற்பார்க்கும் எங்கள் மண்டோர் நன்றாகப் பிடித்துக்கொண்டார். கேட்டுச் சொல்ல வருகிறவருக்கு அக்கா காப்பி கொடுப்பார். ஒரு நாள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் வீட்டு ரேடியோவைக் கேட்டுவிட்டு, "சரியில்லையே, பாடறவனுக்குச் சளி புடிச்ச மாதிரி இருக்கு" என்று தலையை ஆட்டினார். அக்கா நோட்டில் "மண்டோர் - சளி" என்று எழுதினார். ஒரு காப்பி போனது. பிரித்துப் பார்த்துவிட்டு மூடினார். "இன்னும் சளி இருக்கு" என்றார் மண்டோர். இன்னொரு காப்பி. மூன்றாவது காப்பியில் மனம் கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"மன்னிச்சிரு புள்ள. பாட்டு நல்லாதான் இருந்துச்சு. காப்பிக்குத்தான் சொன்னேன்."

"நீங்க பொய்யா சொன்னாலும் சளி இருக்கத்தான் செஞ்சுச்சு" என்று அக்கா பெட்டிக்குள் காட்டினார். ஈயம் சரியாகப் பிடிக்காமல் ஒரு கம்பி ஆடிக்கொண்டிருந்தது. "இன்னும் ஒரு மாசத்துல நின்னு போயிருக்கும். இந்தாங்க, இது நாலாவது காப்பி."

அக்காவிடம் எனக்குப் பிடித்ததும், என்னை ஒரு தடவை பாடாய்ப் படுத்தியதும் இந்தக் குணம்தான்.

எங்கள் துரை ஒரு சீனர். அமெரிக்காவில் படித்தவர். வரும்போது ஒரு பாட்டு செட்டும் கொண்டு வந்திருந்தார். அதில் ஸ்பீக்கரைவிட, இசைத்தட்டு சுற்றும் மிஷினைவிட, நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டிதான் அவருக்கு உயிர். முகப்பில் பித்தளை நிறத் தகடும் வரிசையாகக் குமிழ்களும் இருக்கும். ப்ரீ-ஆம்ப்ளிபயர் என்று பேர். இசைத்தட்டிலிருந்து ஊசி எடுத்துத் தருவது கொசு ரீங்காரம் அளவுதான். அதை வாங்கி, சுத்தம் பண்ணி, கொஞ்சம் வளர்த்து, பெரிய ஆம்ப்ளிபயருக்குக் கொடுப்பது இந்தப் பெட்டியின் வேலை. உள்ளே ஆறு வால்வு, சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பி மாதிரி சிவந்து எரியும். துரை அதைத் தானே துடைப்பார். ஒரு குமிழை எங்கே நிறுத்த வேண்டும் என்று பென்சிலால் மெல்லிய கோடு கூடப் போட்டு வைத்திருந்தார். பங்களாவில் யாரும் தொடக் கூடாது.

ஒரு வருடம் துரை ஆறு வார லீவில் அமெரிக்காவுக்குப் போனார். சாவியை என்னிடம் கொடுத்து, பங்களாவுக்குச் சுண்ணாம்பு அடித்து வைக்கச் சொன்னார். சுண்ணாம்பு படக்கூடாதே என்று அந்த செட்டை நான் ஹாலிலிருந்து உள்ளறைக்குத் தூக்கினேன். முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து எல்லாக் கம்பியையும் அதனதன் இடத்தில் சொருகினேன். கனமான இரும்புப் பெட்டி ஒன்று மிச்சமாக நின்றது. அதில் குமிழும் இல்லை, விளக்கும் இல்லை. கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்த பெட்டி என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

அமெரிக்கக் கரண்ட் நம் கரண்டில் பாதிதான். செட்டில் மற்றவை இரண்டிலும் ஓடும், நடுப் பெட்டிக்கு மட்டும் நம் கரண்டைப் பாதியாக்கிக் கொடுப்பதுதான் அந்த இரும்புப் பெட்டி. எனக்கு அது தெரியாது. எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நடுப் பெட்டியை நேராகச் சுவரில் சொருகினேன். பட்டென்று ஒரு சத்தம் வந்து பெட்டியின் விளக்கு அணைந்தது. அதற்குள் இருந்த பியூஸ் போய்விட்டது.

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. லயத்தில் பியூஸ் போனால் நாங்கள் எல்லாரும் என்ன செய்வோமோ அதையே செய்தேன். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைக் கிழித்து பியூஸில் சுற்றி மறுபடி சொருகினேன். பிள்ளைகளே, எந்தக் காலத்திலும் இதைச் செய்யாதீர்கள். பியூஸ் என்பது நமக்காகச் செத்துப்போகிற காவல்காரன். வெள்ளித்தாள் சாகாது, அதனால் பெட்டி செத்தது. முதலில் உர்ரென்றது. பிறகு புகை வந்தது. அழுகின முட்டை நாற்றம் ஹால் முழுக்க அடித்தது.

உங்கள் அம்மாவுக்கு அப்போது ஆறு மாதம். பெரியவள் வயிற்றில் இருந்தாள். வேலை போனால் லயத்து வீடும் போகும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கார் ஓட்டுவது மட்டும்தான். துரை வர இன்னும் நாலு வாரம் இருந்தது. நான் அக்கா வாசலுக்கு ஓடினேன்.

அவர் பங்களாவுக்கு வந்து பெட்டியின் மூடியைக் கழற்றினார். மோந்து பார்த்தார். வெள்ளித்தாளை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னா பிராண்டு தம்பி?"

"அக்கா, வெளையாடாதீங்க அக்கா."

"அழாத லா. டிரான்ஸ்பார்மர் கருகிருச்சு. கரண்ட நேர்படுத்தற தகடு வெந்துருச்சு. அதான் இந்த நாத்தம். மத்தபடி ஆளு பொழைச்சுக்குவாரு."

கார் கொட்டகையில் மேசை போட்டோம். லயத்தில் மாலையில்தான் கரண்ட் வரும். கொட்டகைக்குப் பகலிலும் உண்டு. ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி, முகம் கழுவி, நேராக அங்கே வருவார். டிரான்ஸ்பார்மரின் கருகிய கம்பியை ஒரு சுற்று ஒரு சுற்றாகப் பிரித்து எண்ணினார். நூறு ஆனதும் ஒரு புளியங்கொட்டையைத் தட்டில் போடுவார். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. மண்டோர் வந்து "என்னா புள்ள, பல்லாங்குழியா?" என்று கேட்டதில் ஒரு தடவை எண்ணிக்கை தப்பிப் போனது. அக்கா கொட்டையெல்லாம் பொறுக்கி மண்டோர் கையில் கொடுத்து அவரையே எண்ண வைத்தார்.

புதுக் கம்பி வாங்க அவரை செரம்பானுக்குக் கூட்டிப் போனேன். அங்கே ரேடியோ சாமான் கடையில்தான் எனக்கு இடி விழுந்தது. கம்பியை இரண்டு மடங்கு கேட்டார்.

"ஏன் அக்கா?"

"நம்ம ஊரு கரண்டுக்கே சுத்தப் போறேன். இனிமே இரும்புப் பெட்டி வேணாம். நேரா சொருகலாம்."

"ஐயோ அக்கா! பழைய மாதிரியே சுத்துங்க. இரும்புப் பெட்டி இல்லாம ஓடுச்சுன்னா தொரைக்குத் தெரிஞ்சு போயிரும் இல்ல?"

"பழைய மாதிரி சுத்தினா உன்ன மாதிரி இன்னொருத்தன் வந்து நேரா சொருகுவான். மறுபடி முட்டை நாத்தம். அதுக்கு நான் ஆளில்ல."

"என் வேல போயிரும் அக்கா."

"சொல்லிப்புடு தம்பி. நீயே வாயத் தொறந்து சொல்லிப்புடு" என்று சொல்லிவிட்டுக் கம்பியின் கனத்தை நகத்தால் பார்க்க ஆரம்பித்தார். திரும்பி வருகிற வழி முழுக்க நான் ரோட்டையே முறைத்துக்கொண்டு ஓட்டினேன். அவர் ஜன்னல் வழியே பார்த்தபடி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

டிரான்ஸ்பார்மர் சுற்றி முடிந்தது. வெந்த தகட்டுக்குப் பதில் அரிசி அளவு புது டயோடுகள் வைத்தார். வால்வு சொருகும் ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சுரண்டித் துடைத்தார். பெட்டிக்கு உயிர் வந்தது. என் கணக்கில் வேலை முடிந்தது. அவர் கணக்கில் அன்றுதான் ஆரம்பம்.

இந்தப் பெட்டி இரண்டு ஸ்பீக்கரிலும் வேறு வேறாகப் பாடி, பாடுகிறவரை நடுவில் நிற்கிற மாதிரிக் காட்டும். அதைப் பிடிக்க இரண்டு காதும் வேண்டும். அக்காவிடம் ஒன்றுதான் இருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தோட்டத்தையே பங்களா ஹாலுக்கு அழைத்துவிட்டார். நாற்காலியில் உட்காரக் கூசிக்கொண்டு எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். துரையிடம் தமிழ்ப் பாட்டுத் தட்டு கிடையாது. ஓர் இங்கிலீஷ்காரி பியானோவோடு மெதுவாகப் பாடும் தட்டைத்தான் போட்டோம்.

பால்மரம் வெட்டும் அஞ்சலை முதலில் கேட்டாள். "இவ ஏன் அக்கா அழுவுறா?"

"அழுதா அழுவட்டும். ரெண்டு பக்கமும் சமமா அழுவுறாளா?"

அஞ்சலை கண்ணை மூடினாள். "அழுகைக்குப் பின்னால ஒரு தேனீ இருக்கு."

"அஞ்சலை - தேனீ." அக்கா பெட்டியைத் திறந்தார். நிலத்துக்குப் போகும் கம்பி ஒன்றை இடம் மாற்றினார். தேனீ பறந்துவிட்டது.

மண்டோர் கேட்டார். "இடது பக்கம் வடகம் பொரியுது."

"நெசமா, காப்பிக்கா?"

"அம்மன் சத்தியமா வடகம்!"

ஒரு வால்வின் காலில் பச்சை பூத்திருந்தது. சுரண்டியதும் வடகம் நின்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, இவங்களுக்கு என்னா தெரியும்? தொரை கேக்கற பாட்டு வேற."

"ஒன்னும் தெரியாததாலதான் கூப்பிட்டேன். தெரிஞ்சவன் கேக்காமலே சொல்லுவான்" என்றார்.

கடைசியாக உங்கள் அம்மாவை நாற்காலியிலேயே உட்கார வைத்தார். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் கேட்டாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா வலது பக்கம் மட்டும் ஈரத் துணியப் போட்டு மூடின மாதிரி இருக்கு."

நான் அவளை முறைத்தேன். மூன்று நாளில் துரை வருகிறார். இவள் ஈரத் துணி என்கிறாள்! அக்காவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. மூன்று நாளும் அந்த ஈரத் துணியைத் தேடினார். தீயில் படாமல், பார்க்க அழகாக, மெழுகு பூசி நின்ற ஒரு பழைய கண்டென்சர்தான் அது. பல வருடமாகவே உள்ளுக்குள் கசிந்துகொண்டு இருந்திருக்கிறது. அதை மாற்றியவர், நன்றாக இருந்த இடது பக்கத்து ஜோடியையும் பிடுங்கிப் புதிது வைத்தார். "அது ஏன் அக்கா?" என்றேன். "ஒத்தக் கண்ணுக்கு மட்டும் மை வைப்பாங்களா?" என்றார்.

பின்னாளில் பேக்டரி அவரைப் பினாங்குக்கு மாற்றியது. அங்கே சத்தத்தை அளக்கப் பெரிய பெரிய மிஷின்கள் இருந்தனவாம். மிஷின் சரி என்று சொன்ன பிறகும், தரை கூட்டுகிற மலாய் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுவாராம். எண்பதுகளில் அவரோடு வேலை செய்த ஒரு பெண் சொல்லி உங்கள் அம்மா கேள்விப்பட்டாள். எனக்கு ஆச்சரியமாக இல்லை.

துரை வருகிற நாள் புதன்கிழமை. காலையில் நான் ஹாலைப் பெருக்கி, எல்லாவற்றையும் அவர் விட்டுப்போன மாதிரியே வைத்தேன். அக்கா நடுவில் நிறுத்தியிருந்த அந்தக் குமிழைக் கூட, துரை போட்ட பென்சில் கோட்டுக்குச் சரியாகத் திருப்பி வைத்தேன். இதையாவது ஒழுங்காகச் செய்தோம் என்று ஒரு நிம்மதி. பிறகு சுபாங் விமான நிலையத்துக்குக் காரை எடுத்தேன்.

வரும் வழியில் சொல்லிவிட நினைத்தேன். காஜாங் தாண்டியதும் சொல்லலாம் என்றிருந்தேன், தாண்டியது. செரம்பான் தாண்டியதும் சொல்லலாம் என்றிருந்தேன், அதுவும் தாண்டியது. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் புழுதி பறக்க, பங்களா கூரை தெரிந்துவிட்டது.

அக்கா பின்பக்கப் படியில், பேக்டரி உடுப்போடு, நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துரை சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் செட்டிடம்தான் போனார். குனிந்து பின்னால் பார்த்தார்.

"என்னா இது லா? இரும்புப் பெட்டி எங்க?"

கொல்லைக் கதவோரம் உங்கள் அம்மா நிற்பது தெரிந்தது. "தொரை, நான்தான் நேரா சொருகிட்டேன். பொகைஞ்சு போச்சு. பியூசுல வெள்ளித்தாள் சுத்தினதும் நான்தான்."

"வெள்ளித்தாள்?"

"சிகரெட்டு பாக்கெட்டு, தொரை."

அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். திறந்தபோது முகம் சிவந்திருந்தது. "யாரு தொறந்தா? யாரு கை வச்சா?"

"நான்தான் தொரை" என்று அக்கா உள்ளே வந்தார். "செனவாங்ல வேல செய்யறேன். திட்டறதா இருந்தா அப்புறமா திட்டுங்க. மொதல்ல உக்காந்து கேட்டுச் சொல்லுங்க."

துரையை அவர் வீட்டிலேயே உட்காரச் சொன்ன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. துரையும் பார்த்ததில்லை போலிருக்கிறது. உட்கார்ந்தார். நான் இங்கிலீஷ்காரியின் தட்டைப் போட்டேன். ஊசி ஒரு தடவை கீச்சிட்டது. அவள் பாட ஆரம்பித்ததும் துரையின் புருவம் நெரிந்தது.

"இவ ஏன் ஜன்னல்கிட்ட போயிட்டா?"

ஜன்னல் வலது பக்கம் இருந்தது. அக்கா பென்சிலை எடுத்து, அஞ்சலைக்கும் மண்டோருக்கும் கீழே, "துரை - ஜன்னல்" என்று எழுதினார். பிறகு பெட்டியின் முகப்பைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, இந்தக் குமிழ யாரு திருப்பினது?"

"நான்தான் அக்கா. தொரை வச்ச கோட்டுக்கே வச்சேன்."

அக்கா துரையைப் பார்த்தார். "எத்தன வருசமா இப்படித் திருப்பி வச்சிருக்கீங்க?"

"அஞ்சு, ஆறு வருசம். வலது பக்கம் சத்தம் கம்மி. அதான் அந்தப் பக்கம் கூட்டி வச்சேன்."

"சத்தம் கம்மி இல்ல தொரை. பெட்டிக்கு நோவு. பொகை வர்றதுக்கு ரொம்ப நாள் முந்தியே வந்த நோவு. நீங்க குமிழத் திருப்பித் திருப்பி சமாளிச்சிருக்கீங்க. இப்ப ஈரத் துணிய எடுத்தாச்சு. நடுவுல வைங்க, நீங்களே வைங்க."

துரை எழுந்து போய்க் குமிழைத் திருப்பினார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த இங்கிலீஷ்காரி ஜன்னலை விட்டு நகர்ந்து, அலமாரியைத் தாண்டி, எங்கள் எல்லாருக்கும் நேர் எதிரே வந்து நின்றாள். அவள் மூச்சு இழுப்பது கூடக் கேட்டது.

"வந்துட்டா" என்றார் துரை. அவர் நாற்காலிக்குத் திரும்பவில்லை. பெட்டி முன்னாலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு பக்கம் முடிந்தது. தட்டைத் திருப்பிப் போட்டார். நான் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தேன். இருக்கச் சொல்வாரா, போகச் சொல்வாரா? போகச் சொன்னால் எந்த மாதம் வரைக்கும் வீட்டில் இருக்க விடுவார்? குழந்தை பிறக்கும் வரைக்குமாவது விடுவாரா? இரண்டாவது பக்கமும் முடிந்தது.

"டிரைவர்" என்றார், திரும்பாமலே.

"தொரை."

"நாளைக்குக் காலையில ஏழு மணி, செரம்பான். கார் எல்லாம் மண்ணு. கழுவு லா."

நான் எப்படிக் கொட்டகைக்கு வந்தேன் என்று தெரியவில்லை. உங்கள் அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். "என்னாங்க சொன்னாரு? என்னா சொன்னாரு?"

"கார கழுவச் சொன்னாரு."

அவள் படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. நான் கூரையைக் கழுவினேன், கதவைக் கழுவினேன், சக்கரத்துக்குள் கைவிட்டுச் செம்மண்ணை வழித்தெடுத்தேன். கழுவி முடித்ததும் மறுபடி கூரையிலிருந்து ஆரம்பித்தேன்.

"போதும்ங்க" என்றாள் உங்கள் அம்மா. "பெயின்டு உரிஞ்சிரப் போவுது."

நான் இன்னொரு வாளி தண்ணீர் பிடித்தேன்.